துளையட்டையும் மெயின்ஃப்ரேமும்: மதுரை ஆலைக் கணக்குப் பிரிவிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் மதுரை வட்டாரத்து நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில், துளையட்டைகளையும் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியையும் கொண்டு சம்பளப் பட்டியல் வேலையைக் கவனித்தவர்களில் நானும் ஒருவன். கல்லூரி மாணவர்களும், இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்க்கும் இளைஞர்களும், அப்பாவின் பழைய பெட்டியில் துளை போட்ட அட்டைகளைக் கண்டெடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால், அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உங்கள் ஆலையிலேயே மெயின்ஃப்ரேம் இருந்ததா?

இல்லை. அத்தகைய கணினியை வாங்கி, அதற்கென்று குளிரூட்டிய அறை கட்டி, ஆள் வைத்து நடத்துவது ஒரு நடுத்தர நூற்பாலைக்குக் கட்டுப்படியாகாது. சென்னையில் இருந்த ஒரு சேவை மையத்தில் இயந்திர நேரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தோம். விவரங்களை மதுரையிலேயே அட்டைகளில் துளையிட்டு, சரிபார்த்து, தகரப் பெட்டியில் அடுக்கி, ரயிலில் கொண்டுபோவது வழக்கம். 2000 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு ஏறத்தாழ 14 அங்குல நீளமும் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையும் இருக்கும். மாதச் சம்பளத்துக்கு அப்படிப்பட்ட கட்டுகள் சில தேவைப்பட்டன. 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கும் வரை இரவு வண்டிதான். வைகை வந்தபின் காலையில் மதுரையில் ஏறிப் பிற்பகலில் எழும்பூரில் இறங்கி, இரவு ஷிப்டு தொடங்கும் முன்பே மையத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. இரவு நேரத்துக்கு வாடகை குறைவு என்பதால், நிர்வாகம் எங்களுக்கு எப்போதும் இரவையே பார்த்துக் கொடுக்கும்.

ஆகவே மெயின்ஃப்ரேம் நினைவுகள் என்று என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றியும் மீட்டர்கேஜ் ரயிலைப் பற்றியும்தான் சொல்ல முடியும். இயந்திர அறையிலேயே இருந்தவர்களின் நினைவு வேறாக இருக்கும்.

அது என்ன இயந்திரம்? எவ்வளவு நினைவகம்?

ஐ.பி.எம். 1401. 1959இல் அறிவிக்கப்பட்டது, 1960களில் நம் நாட்டில் எண்ணெய் நிறுவனங்கள், ரயில்வே மண்டலங்கள் போன்ற பெரிய இடங்களுக்கு வந்து சேர்ந்தது. இதை மெயின்ஃப்ரேம் என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் வந்த ஐ.பி.எம். 370/155 போன்றவையே அந்தப் பெயருக்கு உரியவை என்பது அவர்கள் கட்சி. ஓர் அறையை முழுதாக அடைத்துக்கொண்டு, தனிக் குளிர்சாதனமும் தனி மின்னிணைப்பும் கேட்ட இயந்திரத்தை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் நினைவகம் அதிகபட்சமாக 16,000 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் மிகச் சிறிய ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்கள் எட்டு: ஆறு எழுத்துக்கு, ஒன்று பிழை காண, ஒன்று ஒரு புலம் (பெயர், கூலி போன்ற ஒரு விவரத்துக்கான இடம்) எங்கே தொடங்குகிறது என்பதைக் குறிக்க. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த இடத்துக்குள்தான் கணினிக்கான கட்டளைகள் அடங்கிய புரோகிராமும் இருக்க வேண்டும், தொழிலாளி ஒருவரின் முழு விவரமும் இருக்க வேண்டும், அச்சிட வேண்டிய வரியும் இருக்க வேண்டும்.

துளையட்டையில் எழுத்து எப்படிப் பதியும்?

ஓர் அட்டையில் 80 நிரல்கள். ஒவ்வொரு நிரலிலும் மேலிருந்து கீழாக 12 வரிசைகள். மேல் விளிம்பை ஒட்டியிருப்பது 12ஆம் வரிசை, அதற்கடுத்து 11, பிறகு 0, அதன்பின் 1 முதல் 9 வரை. இலக்கம் என்றால் ஒரே துளை. எழுத்து என்றால் மேல் வரிசைகளில் ஒன்று, கீழே ஒன்று என இரண்டு துளைகள். ஆங்கில ஏ முதல் ஐ வரையிலான ஒன்பது எழுத்துகளுக்கு 12ஆம் வரிசையும், ஜே முதல் ஆர் வரை 11ஆம் வரிசையும், எஸ் முதல் இஸட் வரை 0 வரிசையும் துணை நிற்கும். கடைசிக் குழுவில் எட்டு எழுத்துகளே என்பதால் அது 1இல் தொடங்காமல் 2இல் தொடங்கும்.

மதுரை என்று ஆங்கிலப் பேரெழுத்துகளில் துளையிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எம் என்பது 11-4, ஏ என்பது 12-1, டி 12-4, யு 0-4, ஆர் 11-9, மறுபடி ஏ 12-1, ஐ 12-9. ஏழு நிரல்களில் பதினான்கு துளைகள். சில மாதங்கள் இதிலேயே கிடந்தவர்களுக்கு அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தெரிந்துவிடும். அதை ஏதோ அபூர்வத் திறமைபோல இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். அன்று பஞ்சிங் பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் அது கைவந்ததுதான்.

துளையிடும் வேலையைச் செய்தவர்கள் யார்?

எங்கள் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் தெருவுக்கு ஒன்றாக இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ஹையர் தேறியவர்கள். கணினி வரலாறு எழுதுகிறவர்கள் புரோகிராம் எழுதியவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில் அந்த ஏற்பாடு முழுவதும் நின்றது இந்தப் பெண்களின் விரல்களில்தான்.

ஐ.பி.எம். 029 என்ற துளையிடும் இயந்திரத்தில், விசையை அழுத்திய கணத்திலேயே துளை விழுந்துவிடும். அழிப்பது என்ற பேச்சே இல்லை. தவறு நேர்ந்தால் அட்டையை ஒதுக்கிவிட்டு, சரியாக இருந்த நிரல்களை டூப்ளிகேட் விசையால் புது அட்டைக்கு நகலெடுத்து, தவறிய இடத்திலிருந்து தொடர வேண்டும். இயந்திரத்தினுள் ஒரு சிறிய உருளையில் ஓர் அட்டையைச் சுற்றி வைப்போம். எந்த நிரலில் எண் வர வேண்டும், எதைத் தாண்ட வேண்டும், எதை முந்தைய அட்டையிலிருந்து நகலெடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த அட்டையே இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த உருளை அட்டையை நன்றாக வடிவமைத்தால் ஒரு நாள் வேலை அரை நாளில் முடியும் என்பதால், அதைத் தயாரிக்கத் தெரிந்தவருக்குப் பிரிவில் தனி மரியாதை இருந்தது.

ஒருவர் துளையிட்டதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. வெரிஃபையர் என்ற இயந்திரத்தில் அதே அட்டைகளை வைத்து, அதே படிவத்தைப் பார்த்து, இரண்டாமவர் மீண்டும் முழுவதையும் தட்டுவார். பொருந்தினால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறிய வெட்டு விழும். பொருந்தாவிட்டால் அந்த நிரலுக்கு நேர் மேலே விளிம்பில் வெட்டு விழும். கட்டைச் சேர்த்துத் தட்டி ஓரத்தைப் பார்த்தால், வெட்டு இல்லாத அட்டை உடனே கண்ணில் படும்.

வேகத்தை மணிக்கு எத்தனை முறை விசை அழுத்துகிறார் என்று கணக்கிடுவார்கள். மத்தியப் பணியாளர் தேர்வாணைய விளம்பரங்களில் தரவு உள்ளீட்டாளருக்கு மணிக்கு 8,000 விசையழுத்தங்கள் என்று இன்றும் கேட்கிறார்களே, அது எங்கள் காலத்து அளவுகோல்தான்.

அட்டைகள் கீழே கொட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவரே இல்லை. புரோகிராம் அட்டைகளாக இருந்தால், கட்டின் மேல் விளிம்பில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மார்க்கரால் சாய்கோடு இழுத்து வைத்திருப்போம்; கலைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதோடு 73 முதல் 80 வரையிலான நிரல்களில் வரிசை எண்ணும் இருக்கும். சம்பள அட்டைகளானால் கவலையே இல்லை, எப்படியும் டோக்கன் எண் (தொழிலாளியின் அடையாள எண்) வரிசைப்படி, சார்ட்டர் என்ற வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் போட்டாக வேண்டும். சார்ட்டர் ஒரு தடவையில் ஒரு நிரலை மட்டுமே பார்க்கும் என்பதால், நான்கு இலக்க டோக்கனுக்கு ஒன்றாம் இடத்தில் தொடங்கி ஆயிரமாம் இடம் வரை நான்கு முறை ஓட்ட வேண்டும். இடமிருந்து தொடங்கினால் எல்லாம் கலைந்துவிடும். புதிதாக வந்தவர்களுக்கு இதை வாயால் விளக்குவது கடினம். பத்து அட்டையைக் கையில் கொடுத்து மேசைமேல் பிரிக்கச் சொன்னால் தானாகப் புரியும்.

சம்பளப் பட்டியல் எப்படித் தயாரானது?

ஒவ்வொரு தொழிலாளிக்கும் காந்த நாடாவில் ஒரு பதிவு: டோக்கன் எண், பெயர், துறை, அடிப்படைக் கூலி, வைப்புநிதி எண், ஈ.எஸ்.ஐ. எண், கடன் பாக்கி. மாதாமாதம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வேலை நாள், விடுப்பு, மிகைநேரம் ஆகியவற்றை அட்டையில் துளையிடுவோம். பஞ்சப்படி சென்னை நகர வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணோடு சேர்ந்து ஏறும் என்பதால், அந்த மாதக் குறியீடு தெரியும் வரை ஓர் அட்டை மட்டும் துளையிடாமல் காத்திருக்கும்.

கணினி, டோக்கன் வரிசையில் நாடாவையும் அட்டைகளையும் ஒன்றாகப் படித்து, பழைய நாடாவிலிருந்து புதிய நாடாவை எழுதிக்கொண்டே போகும். பழையதை அழிக்க மாட்டோம். நடப்பு நாடா மகன், சென்ற மாதத்தது அப்பா, அதற்கு முந்தையது தாத்தா என்று மூன்று தலைமுறைகளை வைத்திருப்பது எல்லா மையங்களிலும் இருந்த நடைமுறை. ஒன்று கெட்டால் முந்தைய தலைமுறையிலிருந்து மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

அட்டையின் கூட்டுத்தொகைகளை ஃபேசிட் என்ற கூட்டல் இயந்திரத்தில் கையால் சுற்றிக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம். மொத்த வேலை நாட்கள் எவ்வளவு, மொத்த மிகைநேரம் எவ்வளவு என்பதோடு, டோக்கன் எண்களையே கூட்டினால் வரும், வேறெதற்கும் பயன்படாத ஒரு தொகையும் அதில் இருக்கும். கணினி அச்சிடும் தொகையும் எங்கள் தாளும் ஒத்துப்போனால்தான் பட்டியலைத் தொடுவோம். ஓர் அட்டை காணாமல் போனாலும், ஒரே அட்டை இருமுறை சேர்ந்தாலும், அந்தப் பயனற்ற தொகைதான் முதலில் பிடித்துக்கொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வரும் நாணயப் பட்டியல். அப்போது சம்பளம் ரொக்கமாக, உறையில். ஒருவருக்கு நிகரமாக 287 ரூபாய் 65 பைசா என்றால், நூறு ரூபாய் இரண்டு, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று, ஐந்து ஒன்று, இரண்டு ஒன்று, பிறகு ஐம்பது பைசா, பத்து பைசா, ஐந்து பைசா ஒவ்வொன்று. எல்லாருக்கும் இப்படிப் பிரித்து மொத்தம் கூட்டினால், வங்கியிலிருந்து எந்த நோட்டு எத்தனை வாங்க வேண்டும் என்று காசாளருக்குத் தெரிந்துவிடும். 1401இல் பெருக்கலும் வகுத்தலும் தனிக் கட்டணத்துக்குச் சேர்க்கும் உறுப்புகள் என்பதால், புரோகிராம் வகுக்காது. நூறைக் கழிக்க முடிகிறவரை கழித்து எண்ணும், பிறகு ஐம்பது, பிறகு இருபது. 1972இல் இருபது ரூபாய் நோட்டும் 1975இல் ஐம்பது ரூபாய் நோட்டும் வந்தபோது, அந்தப் புரோகிராமில் கழித்தல் படிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கையால் உறை போட்ட காலத்தில் சில்லறை போதாமல் கடைசி முப்பது நாற்பது பேருக்குச் சம்பளம் மறுநாளுக்குத் தள்ளிப்போவது வழக்கம். தீபாவளி போனஸ் நாளில் அப்படி ஆனால் ஆலை வாசலில் நிற்க முடியாது. இந்தப் பட்டியல் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அந்தக் காலத்தில் தவறே வராதாமே?

யார் சொன்னது? தாராளமாக வந்தது. ஒரு நிரல் இடப்பக்கம் தள்ளித் துளையிட்டால் கூலி பத்து மடங்காகும்; வலப்பக்கம் தள்ளினால் பத்தில் ஒன்றாகும். அன்றைய வேலை ஒழுங்கைப் புகழ்கிறவர்கள், ஒரு முறை ஓட்டத் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு எழும்பூர் வரை திரும்பப் போக வேண்டும் என்ற பயத்தைப் பற்றிச் சொல்வதில்லை. எங்கள் கவனத்துக்கு அந்தப் பயம்தான் காரணம்.

பெயர்கள் தமிழில் அச்சாகுமா?

ஆகாது. 1403 அச்சு இயந்திரத்தின் சங்கிலியில் ஆங்கிலப் பேரெழுத்துகளும் இலக்கங்களும் சில குறிகளும்தான் உண்டு. பெயருக்கு ஒதுக்கிய இடம் 20 நிரல்; முத்துக்கருப்பன் அடங்கிவிடுவார், தகப்பன் பெயரையும் சேர்த்தால் வால் அறுந்துவிடும். அழகர்கோயில் பக்கத்து ஆலையில் எத்தனை அழகர்சாமி இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. டோக்கன் எண்தான் ஆளை அடையாளம் காட்டியது. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, உறை கொடுக்கும் மேசையருகே ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கணினி அறைக்குள் போக வேண்டுமாமே?

ஆம். தூசி நாடாவுக்கும் வட்டுக்கும் ஆகாது என்பதே காரணம். பக்தி ஒன்றும் இல்லை. எங்களுக்கு உறுத்தியது குளிர். மதுரை வெயிலிலிருந்து வந்தவர்கள் இரவெல்லாம் உள்ளே இருக்க ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வோம். சத்தம் வேறு: நிமிடத்துக்கு 800 அட்டைகள் படிக்கும் கருவியும் 600 வரிகள் அடிக்கும் அச்சு இயந்திரமும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

மழையும் மின்வெட்டும் பாதித்தனவா?

மதுரையின் உலர்ந்த காற்றில் அட்டைகள் விறைப்பாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இறங்கினால் ஈரம் ஏறி உப்பிவிடும். உப்பிய அட்டை படிப்பானில் சிக்கி மடியும். அதனால் மையத்தில் இறங்கியதும் கட்டைப் பிரித்து விசிறி, குளிரூட்டிய அறையில் சற்று நேரம் வைத்த பிறகே ஓட்டுவோம். மின்வெட்டு 1970களின் முற்பாதியில் தமிழ்நாடு முழுவதும் கடுமையாக இருந்தது. பாதி அட்டையில் மின்சாரம் நின்றால் அந்த அட்டை போயிற்று.

ஆட்குறைப்பு வரும் என்று எதிர்ப்பு இல்லையா?

இருந்தது; அதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது சரியில்லை. 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினி வருவதைத் தடுத்துப் போராடிய செய்தி நம் ஊர்ச் சங்கங்களிலும் பேசப்பட்டது. எங்கள் ஆலையில் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களின் இடங்களை நிரப்பவும் இல்லை. பஞ்சிங் பிரிவில் வேலை கிடைத்த பெண்களுக்கும் ஒரு தலைமுறைகூட அது நீடிக்கவில்லை. திரையோடு கூடிய தரவு உள்ளீட்டுக் கருவிகள் வந்ததும் துளையிடும் இயந்திரங்கள் பழைய இரும்பாகப் போயின.

1978இல் ஐ.பி.எம். வெளியேறியபோது என்ன நடந்தது?

1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றபோது ஐ.பி.எம். உடன்படவில்லை; 1978இல் நாட்டைவிட்டுச் சென்றது. பழைய இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, அரசு 1975இல் தொடங்கியிருந்த சி.எம்.சி. நிறுவனத்துக்கு வந்தது. எங்களைப் பொறுத்தவரை மையத்தில் வேலை நிற்கவில்லை. பழுது பார்க்க வருகிறவரின் சட்டைப்பை அட்டை மாறியது, அவ்வளவுதான்.

கல்லூரிகளில் இருந்தவர்களுக்கும் இதே நிலைதானா?

பெரும்பாலும். மதுரையிலிருந்து சென்னை ஐ.ஐ.டி.க்கு அட்டைக் கட்டோடு போய்வந்த ஆராய்ச்சி மாணவர்களை ரயிலில் சந்தித்திருக்கிறேன். அவர்கள் எழுதியது ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியில், 7ஆம் நிரலில் தொடங்கி 72ஆம் நிரலுக்குள் வாக்கியம் முடிய வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் இரண்டு வரிப் பிழைச் செய்தியோடு திரும்ப வேண்டியதுதான். எங்களைவிட அவர்கள் பாடு மோசம், ஏனென்றால் அவர்களுடைய பயணச் செலவை ஆலை கொடுக்கவில்லை.

இன்று அந்த இயந்திரத்தைப் பார்க்கவோ இயக்கவோ முடியுமா?

கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் 1401ஐச் சீரமைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே வேண்டுமானால் சிம்ஹெச் என்ற இலவச மென்பொருளில் 1401ஐயும், ஹெர்குலிஸ் என்பதில் 370 வகையையும் போலி இயக்கமாக ஓட்டலாம். வேலை தேடும் நோக்கில் கேட்கிறவர்களுக்கு: கோபால் (COBOL) என்ற புரோகிராம் மொழி இன்னும் வங்கிகளில் ஓடுகிறது, 1401க்கான ஆட்டோகோடர் மொழியால் பயன் எதுவும் இல்லை.

வீட்டில் பழைய அட்டைகள் கிடைத்துள்ளன. எப்படிப் படிப்பது, எப்படிப் பாதுகாப்பது?

முதலில் மேல் விளிம்பைப் பாருங்கள். 029இல் துளையிட்டதாக இருந்தால் பெரும்பாலும் அங்கே எழுத்துகள் அச்சாகியிருக்கும், நேரடியாகப் படிக்கலாம். கணினியே துளையிட்டு வெளித்தள்ளிய அட்டைகளில் அச்சு இருக்காது. அவற்றை மேலே சொன்ன முறையில் நிரல் நிரலாகப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். 12, 11 வரிசைகளுக்கு எண் அச்சிட்டிருக்க மாட்டார்கள், அதனால் 0 வரிசையைக் கண்டுபிடித்து அங்கிருந்து மேலே எண்ணுங்கள்.

ரப்பர் பேண்டு போடாதீர்கள். சில கோடைகளில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். நூலும் வேண்டாம், விளிம்பை அறுக்கும். இறுக்கமான அட்டைப் பெட்டியில் நிற்கும் நிலையில் அடுக்கி, இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். வேப்பிலை போடுவது வழக்கம் என்றாலும் அதன் கறை காகிதத்தில் இறங்கும். எங்கள் ஆலை அட்டைகளில் தொழிலாளரின் கூலியும் கடனும் பெயரோடு இருக்கும் என்பதால், அப்படிப்பட்டவை கிடைத்தால் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பாமல் அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.